ஒற்றைக் கண்ணுக்கு ஒரு வெயில் கண்ணாடி

மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கடலைப் பார்க்காதவர் என்று யாரும் இல்லை. எல்லாரும் கப்பல் ஏறி வந்தவர்கள்தானே. ஆனால் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கும்வரை அடித்தட்டில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தவனைக் கடல் தெரிந்தவன் என்று சொல்ல முடியாது. கடலில் உழைத்துக் கஞ்சி குடித்தவர் சிங்காரம் ஒருவர்தான். அதிராம்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர். பதினாறு வயதிலிருந்து சரக்குத் தோணியில் பாய் இழுத்தவர். ஒரு புயலில் தோணி உடைந்து, இரண்டு பகல் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். கரை ஏறியதும் இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டார். கடலே கண்ணில் படாத இடமாகப் பார்த்து அனுப்பச் சொன்னாராம். கங்காணியும் சொன்னபடி மலை உச்சியில் கொண்டுவந்து விட்டார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவரைக் கப்பக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மலை அவருக்கு ஒத்துக்கொண்டது. குளிர் ஒத்துக்கொண்டது. இராசம்மாவைக் கட்டியது அதைவிட நன்றாக ஒத்துக்கொண்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நாளில், தேயிலைச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டும்போது ஒரு குச்சி தெறித்து இடது கண்ணில் ஏறியது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். கண் பிழைக்கவில்லை, வெள்ளை விழுந்துவிட்டது. வலது கண்ணும் அதோடு சேர்ந்து பலவீனமாகிப்போனது. வெளிச்சம் பட்டால் நீர் கொட்டும், வெயில் பட்டால் தானாக மூடிக்கொள்ளும். கட்டுப் பிரித்த அன்று, மருந்து போடும் டிரெஸ்ஸர் வெளிப்படையாகச் சொன்னார்:

"இங்க பாருப்பா, இந்த ஒரு கண்ண வச்சுத்தான் நீ இனி பொழைக்கணும். இதுக்கு வெயில் ஆகாது. தண்ணி மேல பட்டுத் தெறிக்கிற வெயில் இன்னும் ஆகாது. இதுவும் போச்சுன்னா நான் ஒன்னும் செய்ய முடியாது."

"நம்ம மலையில ஏது டாக்டரு வெயிலு" என்றார் சிங்காரம். டிரெஸ்ஸரை டாக்டர் என்றால் அவருக்குச் சந்தோஷம்.

தோட்டத்தில் நல்ல மனதோடு அவரைத் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். இலை வாட்டும் மாடி எப்போதும் அரை இருட்டு. அங்கே இலையைப் பரப்புவதும் கிளறுவதுமாக வேலை. அந்தக் கண்ணுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

1941 டிசம்பரில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போனார். போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரன் வந்து பங்களாவில் உட்கார்ந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது லயத்திலிருந்து இருபத்தேழு பேரைக் கொண்டுபோனார்கள். வரிசையில் சிங்காரமும் நின்றார். அதிகாரி அவர் முகவாயைப் பிடித்துத் தூக்கி, வெள்ளை விழுந்த கண்ணைப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிட்டான். கண்ணைக் கெடுத்த குச்சிக்கு அன்றைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார் அவர்.

அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கு தின்னப் பழகினார்கள். பிறகு உப்பு நின்றது. உப்பில்லாமல் மரவள்ளி தின்ன மட்டும் யாராலும் பழக முடியவில்லை. குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தன. மலை ஏறுகிற பெண்களுக்குக் காலில் நரம்பு சுண்டி இழுத்தது. 1943 நடுவில் கடையில் கிடந்த பழைய உப்புச் சாக்கை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சிரட்டையால் வீட்டுக்கு வீடு பங்கிட்டார்கள். சாக்கு நாற்றமும் அதில் வந்தது. அதையும் குடித்தார்கள்.

அப்போதுதான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மைக்கேல்ராஜ் ஒரு செய்தி கொண்டுவந்தார். கீழே ஆற்றுத் துறையான தெலுக் ஆன்சனில் பாக் சாலே என்று ஒரு மலாய்க்காரப் படகோட்டி. பங்கோர் தீவுக்குப் போனால் கடல் தண்ணீர் காய்ச்சின உப்பும் கருவாடும் கிடைக்கும், தேயிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் இல்லாததால் மோட்டார் படகு ஓடாது, பாய்மரம்தான். அவருடைய இரண்டு மகன்களையும் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டதால் படகு சும்மா கிடக்கிறது. பாய் பிடிக்கவும், முன்னால் நின்று பாறை பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் தந்தால் கூட்டிப் போவாராம். கருவாட்டில் பங்கு தருவதாகச் சொன்னதால் பங்களாவில் இருந்த அதிகாரியும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டான்.

பாய் தெரிந்தவர் தோட்டத்தில் யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கிறது ஒத்தக் கண்ணு" என்றாள் இராசம்மா. அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அதையும் கடல்ல போட்டுட்டு வந்தா, உப்புப் போட்ட கஞ்சிய நான் ஊட்டி விடவா?"

சிங்காரத்துக்கும் அந்தப் பயம்தான். இரண்டு நாள் திறந்த கடல், தலைக்கு மேல் வெயில், கீழே தண்ணீர். போனால் கண் போகலாம். போகாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டைத் தள்ளுகிற சத்தம் நாளைக்கும் கேட்கும். மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் கிராணியிடம் போய்ச் சரி என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே பிலோமி ஒரு பிஸ்கட் டின்னோடு தொழிற்சாலைக்கு வந்தாள். துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். இப்போது அதே பங்களாவில் ஜப்பான்காரனுக்குத் துணி வெளுத்தாள். வெள்ளைக்காரன் சாமான் கையில் அகப்பட்டால் அடி நிச்சயம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் அந்த டின்னை ஒரு வருஷத்துக்கு மேலாகக் கரித் தொட்டிக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

"தொரை பாய்மரப் படகு ஓட்டுவாருண்ணே. வருசா வருசம் கடலுக்குப் போவாங்க, புள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் போவேன்" என்று டின்னைத் திறந்தாள். "கண்ணுக்கு ஆகும்னா எடுத்துக்குங்க."

உள்ளே நான்கு வெயில் கண்ணாடிகள். ஒன்று அட்டைக் கறுப்பு, வட்டமானது. ஒன்று தேன் நிறம். ஒன்று பச்சை, ஓரத்தில் தோல் தைத்தது. நான்காவது சாம்பல் நிறத்தில் மெல்லிசாக, ஒரு பக்கம் கீறலோடு, காது மாட்டும் கம்பி ஆடிக்கொண்டு கிடந்தது.

வெயில் கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது? வெயிலில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு வெயில் வேண்டுமே. பத்து நாளாகப் பனிமூட்டம் மலையை விட்டு இறங்கவில்லை. எதிர்க் கொழுந்துக் காடே தெரியவில்லை. எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் சிங்காரத்துக்கு மூட்டம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தேயிலைக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். சாயம் பார்க்கும் மேசை வடக்கு ஜன்னல் ஓரத்தில் இருந்தது. தினமும் அங்கே வெள்ளைக் கோப்பைகளில் தேயிலையை ஊறவைத்து நிறம் பார்ப்பது தங்கராஜுவின் வேலை. அவன் நான்கு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்காமல் வைத்து, ஒவ்வொன்றின் வாய் மேலும் ஒரு கண்ணாடியைப் படுக்கவைத்தான். குனிந்து பார்த்தான். பின்னால் போய் நின்று பார்த்தான். நாக்கைச் சப்புக்கொட்டாத குறைதான்.

"பச்சை, வாடாத எலை. தள்ளு. தேன் கலரு பார்க்க லட்சணம், ஆனா ரெண்டாந்தரம்" என்றான். சாம்பல் நிறத்தை விரலால் ஒதுக்கினான். "இது மூணாந்தடவ ஊத்துன தண்ணி." கறுப்பை எடுத்து உயர்த்தினான். "இதப் பாருங்கண்ணே. சாயம் எப்படி எறங்கியிருக்கு. ஸ்ட்ராங்கு லா. இதுக்குள்ள சூரியனே வந்தாலும் வழி தெரியாமத் திரும்பிப் போயிரும்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சாயம் கடுத்தால் சரக்கு நல்லது. பத்து வருஷமாக அவர்கள் சோறு தின்றது அந்தக் கணக்கில்தான்.

பிலோமி மட்டும் தலையை ஆட்டவில்லை.

"கறுப்பு கிளப்புக்குப் போட்டுக்கிட்டுப் போறது. பச்சை காரு ஓட்ட. படகுல ஏறுனா தொரை இது ஒன்னத்தான் எடுப்பாரு" என்று சாம்பல் நிறத்தைக் காட்டினாள். "இதப் போட்டா தண்ணிக்குள்ள மீனு தெரியும்னு தொரையம்மாகிட்ட சொல்வாரு. நான் என் காதால கேட்டது."

"மீனு தெரியுமா?" என்றான் தங்கராஜு. "ஏன் பிலோமி, கொழம்பு வைக்கிற சட்டியும் சேர்ந்து தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. சிங்காரமும் சிரித்தார். துணி வெளுக்கிறவளுக்குக் கண்ணாடியைப் பற்றி என்ன தெரியும் என்கிற சிரிப்பு அது. அவருக்கே அது தெரிந்தது. இருந்தும் சிரித்தார்.

"கீறல் வேற இருக்கு பாரு" என்றார்.

"கீறல் எடது பக்கம்ண்ணே. ஒங்களுக்கு எடது பக்கம் எதுக்கு?" என்றாள் அவள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு கறுப்பை மட்டும் விட்டுவிட்டு, டின்னை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிங்காரம் கறுப்பைத்தான் எடுத்துக்கொண்டார். பிலோமி நேராக இராசம்மாவிடம் போயிருக்கிறாள். அது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் இராசம்மா அவித்த கிழங்கைத் துணியில் மூட்டை கட்டித் தந்தபோது அதன் நடுவில் சாம்பல் நிறக் கண்ணாடியும் இருந்தது. ஆடிய கம்பியைத் தைக்கிற நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள் பிலோமி. வழியில் கிழங்குக்கு அவிழ்த்தபோதுதான் சிங்காரம் அதைப் பார்த்தார், அப்படியே முடிந்து வைத்துவிட்டார்.

அவரும் துணைக்குத் தங்கராஜுவும் மூன்று மூட்டைத் தேயிலையோடு கரியில் ஓடும் லாரியில் ஏறி, மலை அடிவாரத்துத் தாப்பாவில் இறங்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் தெலுக் ஆன்சன். பாக் சாலே படகுத்துறையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். சிங்காரத்தின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பாறை பார்க்க ஆள் கேட்டால் பாதிக் கண்ணை அனுப்பியிருக்கிறார்களே என்று மலாயில் சொன்னார்.

"என்னண்ணே சொல்றாரு?" என்றான் தங்கராஜு.

"வாங்க, ஏறுங்கங்கிறாரு."

கயிற்றைக் கையில் வாங்கியதும் சிங்காரத்தின் கை தானாக முடிச்சுப் போட்டது. பதின்மூன்று வருஷமாகத் தொடாத முடிச்சு. பாக் சாலே அதைப் பார்த்துவிட்டுத் தேயிலை மூட்டைகளைப் படகில் ஏற்றச் சொன்னார்.

ஆற்று வாயைத் தாண்டும்வரை பயமில்லை. காலை நேரம், வெயில் முதுகுப் பக்கம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிங்காரம் பாயைப் பிடித்தார். தங்கராஜு ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தான். எடுக்கிற இடைவெளியில் நிமிர்ந்து, "கண்ணாடி எப்படிண்ணே?" என்று வேறு கேட்டான்.

"நல்லா இருக்கு. நீ பேசாம உன் வேலையப் பாரு."

மறுநாள் பிற்பகல் தீவை நெருங்கினார்கள். சூரியன் நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. படகின் மூக்கிலிருந்து அடிவானம்வரை தண்ணீர் முழுவதும் ஒரே தகடாகக் கொதித்தது. இந்த இடத்தில்தான் தண்ணீருக்குள் பாறைகள் இருக்கின்றன என்றார் பாக் சாலே. மகன்கள் முன்னால் நின்று கை காட்டுவார்களாம், அவர் சுக்கானைத் திருப்புவாராம். அவர்கள் நின்ற இடத்தில் சிங்காரம் போய் நின்றார்.

ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக்குள் எல்லாம் கறுப்பு. அதன் நடுவே வெயில் பட்டுத் தெறிக்கும் இடம் மட்டும் ஊசியாகக் குத்தியது. கண்ணாடியின் ஓரங்களில் புகுந்த வெளிச்சம் தனியாகக் குடைந்தது. கண் நீராகக் கொட்டி, மூடிக்கொண்டது. விரலால் இமையைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் யாரோ முகத்தில் சுண்ணாம்பை வீசியது போல இருந்தது. ஒரு நொடி உலகமே இல்லை. இதுதான் டிரெஸ்ஸர் சொன்னது, முடிந்தது என்று நினைத்தார்.

"நம்பாக்?" என்று பின்னாலிருந்து கேட்டார் பாக் சாலே. தெரிகிறதா என்று கேட்கிறார். குரலில் அவசரம் இருந்தது.

சிங்காரம் முழங்காலில் உட்கார்ந்து தடவித் தடவிக் கிழங்கு மூட்டையை அவிழ்த்தார். சாம்பல் நிறக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கண்ணைத் திறக்கப் பயந்து, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு திறந்தார்.

கொதித்த தகடு அங்கே இல்லை.

தண்ணீர் இருந்தது. வெறும் பச்சைத் தண்ணீர். அதற்குள் இறங்கிப் பார்க்க முடிந்தது. மணல் தெரிந்தது, பாசி ஆடுவது தெரிந்தது. படகுக்கு நேர் முன்னால், இரண்டு படகு நீளத் தூரத்தில், எருமை முதுகு போல ஒரு பாறை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே படுத்துக் கிடந்தது.

"கானான்!" என்று கத்தினார். வலது பக்கம் திருப்பு என்று பொருள். பாக் சாலே சுக்கானை மார்போடு அணைத்து இழுத்தார். பாறை இடது பக்கமாக, தொட்டுவிடும் தூரத்தில் கடந்து போனது. அதன் மேல் ஒட்டியிருந்த சிப்பிகளைக்கூட எண்ணியிருக்கலாம். பாறை நிழலிலிருந்து நான்கைந்து மீன்கள் கலைந்து ஓடின.

சிங்காரம் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தார். மெல்லிசு, கழுவின தண்ணீர் மாதிரி நிறம். இதற்குள் என்ன வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன் என்று அவருக்கு விளங்கவில்லை. தலையைச் சாய்த்தால் கொதிப்பு திரும்பி வந்தது, நிமிர்ந்தால் போனது. அப்புறம் தலையைச் சாய்க்காமலே நின்றார். இன்னும் மூன்று பாறைகளுக்குக் கை காட்டினார்.

கரை சேர்ந்ததும் பாக் சாலே அவர் முதுகில் தட்டினார். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கண், அவர்களே இந்த வெயிலில் இவ்வளவு பார்த்ததில்லை என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயைச் சுருட்டினார். அவர் பிள்ளைகள் எங்கே இருந்தார்களோ.

இரண்டு மூட்டை உப்பும் ஒரு மூட்டைக் கருவாடுமாகத் திரும்பினார்கள். கறுப்புக் கண்ணாடியைத் தாப்பாச் சாவடியில் ஒரு ஜப்பான் சிப்பாய் மூக்கிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டான். மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நடந்து காட்டினான். தங்கராஜுவின் மூக்கிலிருந்துதான் கழற்றினான். நல்ல சாயம் என்று தங்கராஜுதான் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு வந்தவன். இரண்டு அறையும் கூடவே வாங்கினான்.

"நல்லவேளை, ஸ்ட்ராங்கா அடிக்கல" என்றார் சிங்காரம்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். உப்பு வந்துவிட்டது என்று லயம் முழுக்க ஆள் ஓடியது. இராசம்மா ஓடி வந்து முதலில் உப்பு மூட்டையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். சிவந்து வீங்கியிருந்தது. அவர் முந்திக்கொண்டு, "எல்லாம் தெரியுது, ஒன் மூக்குத்தி வரைக்கும் தெரியுது" என்றார். அவள் சேலைத் தலைப்பால் அவர் கண்ணோரத்தை ஒற்றிவிட்டு, "போ. மொதல்ல அவகிட்ட போ" என்றாள்.

சிரட்டை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு பங்களாவுக்குப் பின்பக்கமாகப் போனார். பிலோமி கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். சிரட்டையைக் கல் ஓரத்தில் வைத்தார்.

"அன்னிக்கி நானும் சிரிச்சேன் பிலோமி" என்றார்.

"எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீங்க கொஞ்சம் கம்மியாத்தான் சிரிச்சீங்க."

"நீ குடுக்கலன்னா கண்ணு போயிருக்கும். படகும் போயிருக்கும். மூணு பேரும் போயிருப்போம்."

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தருகே வந்து பார்த்தாள்.

"சிவந்திருக்குண்ணே. நெசமாவே தெரியுதா, இல்ல அண்ணிக்காகச் சொல்றீங்களா?"

"தெரியுது."

அன்றைக்கு மூட்டம் விலகியிருந்தது. எதிர் மலைச் சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்களின் நிரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"அந்த நெரையில எத்தன பேரு? எண்ணிச் சொல்லுங்க."

சிங்காரம் கையைப் புருவத்தில் வைத்து, அவசரப்படாமல் எண்ணினார்.

"பதினொன்னு."

பிலோமி தானும் எண்ணினாள். "பத்துத்தானே இருக்கு."

"கடைசிக்கு முந்தின பொம்பளைக்குப் பின்னால பாரு. ஒருத்தி குனிஞ்சு கூடைக் கயித்த இறுக்கிக்கிட்டிருக்கா. மஞ்சத் துணி."

அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். செடிகளுக்கு நடுவிலிருந்து மஞ்சள் முக்காடு ஒன்று மெல்ல நிமிர்ந்தது.

பிலோமி சிரித்தாள். சிரட்டையை எடுத்து, உப்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு தடவையும் தொட்டு வைத்தாள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயி இருட்டுல படுங்கண்ணே" என்றாள் பிறகு. "மூணு நாளைக்கு எந்திரிக்கக் கூடாது. நான் அண்ணிகிட்ட சொல்லிக்கிறேன்."

மூன்று நாள் சிங்காரம் அவள் சொன்னபடியே இருட்டில் படுத்திருந்தார்.